ஒரு நடை, ஒரு கழுத்து

மனித குல வரலாற்றில் மூன்று பெரும் திருப்பங்கள் உண்டு. முதலாவது, நான்கு காலில் போய்க்கொண்டிருந்தவன் இரண்டு காலில் எழுந்து நின்றது. இரண்டாவது, நின்றவன் நடந்தது. மூன்றாவது, நடந்த நடையை முலாம் பூசிய வெள்ளிக் கம்பியில் வளைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டது. முதல் இரண்டும் நிகழ்ந்தபோது நான் பிறந்திருக்கவில்லை. மூன்றாவதில் எனக்குச் சம்பளத்தோடு கூடிய பங்கு உண்டு.

எங்களுடையது நகை செய்யும் நிறுவனம் என்று யாராவது சொல்லிவிட்டால் எங்கள் முதலாளி மேடத்தின் முகம் சுருங்கிவிடும். நாங்கள் செய்வது நகை அல்ல. 'இடத்துக்கும் உடலுக்கும் உள்ள உறவை உலோகத்தில் பதிவு செய்தல்'. அந்தப் பதிவு காதில் தொங்குவதும் கழுத்தில் ஆடுவதும் அதன் சொந்த விருப்பம். கட்டடத்தின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, பின்பக்கம் முழுக்கத் தகரம். கண்ணாடிப் பக்கம் ஷோரூம். தகரப் பக்கம் பட்டறை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு உண்டு. அதன் மேல் 'அனுமதி பெற்றவர்கள் மட்டும்' என்று எழுதியிருக்கும். யாரிடம் அனுமதி பெறுவது என்று எழுதியிருக்காது.

வேலை முறை எளிமையானது. வாடிக்கையாளர் தன் மனதுக்கு நெருக்கமான ஓர் இடத்தில் கைபேசியோடு நடப்பார். கைபேசியில் உள்ள செயலி அவர் நடந்த தடத்தைக் கோடாக வரையும். அந்தக் கோட்டைக் காகிதத்தில் அச்சடித்துப் பட்டறைக்கு அனுப்புவோம். அங்கே அதன்மேல் கம்பியை வைத்துக் குறடால் வளைத்து, சேரும் இடங்களைப் பற்றவைத்து, மெருகேற்றி முன்பக்கம் அனுப்புவார்கள். கூடவே ஒரு கதை அட்டை போகும். அந்த அட்டையை எழுதுபவன் நான். என் பதவிக்கு 'இடத்தொடர்பு அதிகாரி' என்று பெயர். இதற்கு முன் ஒரு சோப்பு நிறுவனத்தில் நுரையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். நுரையிலிருந்து மண்ணுக்கு வந்தது பதவி உயர்வுதான் என்பது என் கருத்து. என் மனைவிக்கு இதில் சிறிய கருத்து வேறுபாடு உண்டு. ஊருக்கெல்லாம் நடையைப் பற்றி எழுதுகிறவர் தெருமுனைக் கடைக்கு வண்டியை எடுப்பது ஏன் என்று கேட்பாள். எழுதுகிறவன் களைத்துவிடக் கூடாது என்று நான் விளக்கிவிட்டேன்.

மேடம் இந்தத் துறைக்கு வந்த வரலாறு உருக்கமானது. டாக்டர் அவரைத் தினமும் நடக்கச் சொன்னார். சாதாரண ஆட்கள் இதைக் கேட்டால் நடப்பார்கள், இல்லையென்றால் டாக்டரை மாற்றுவார்கள். மேடம் நிறுவனம் தொடங்கினார்.

முதல் படைப்பும் அவருடைய நடையிலிருந்தே பிறந்தது. குளிரூட்டிய அறையில், டிரெட்மில்லில், ஒரே மூச்சில் ஆறு கிலோமீட்டர் நடந்தார். செயலி அதை உண்மையாகவே பதிவு செய்தது: ஒரு புள்ளி. அதைப் பட்டறைக்கு அனுப்பியபோது, இதில் வளைப்பதற்கு ஒன்றுமில்லையே என்று திருப்பிக் கேட்டு அனுப்பினார்கள். கலை உணர்வு தகரக் கூரையின்கீழ் அவ்வளவாக வளர்வதில்லை. அந்தப் புள்ளியைத் தோடாக வார்த்து, 'நகராத நடை' என்று பெயர் வைத்தோம். 'எங்கும் போகாமலே எல்லா இடத்தையும் அடைந்த ஒருத்தியின் பயணம்' என்று நான் அட்டை எழுதினேன். மூன்று வாரத்தில் ஒரு ஜோடிகூட மிச்சமில்லை.

அதன் பிறகுதான் சோதனை. நடையை நேசிக்கும் வாடிக்கையாளர்கள் நிறையப் பேர் வந்தார்கள். நடக்கத்தான் ஆளில்லை. பாதிப் பேர் அனுப்பிய தடம் அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல நேராக இருந்தது; காரில் போயிருக்கிறார்கள். ஒரு பெரிய மனிதர் வாசல் கதவு வரை போய்த் தபாலை எடுத்துக்கொண்டு திரும்பியிருந்தார். அதை நெக்லஸாகச் செய்தால் கொண்டை ஊசி மாதிரி இருந்தது. மேடம் இரண்டு நாள் யோசித்துவிட்டு, நாம் ஏன் வெளியே தேட வேண்டும், நம் ஊழியர்களின் காலடியிலேயே கதை இருக்கும் என்று சுற்றறிக்கை விட்டார். எல்லா ஊழியர்களும் ஒரு வாரம் செயலியை இயக்கிவிட்டுத் தங்கள் தடத்தை ஒப்படைக்க வேண்டும்.

ஒப்படைத்தோம். பெரிய திரையில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். என்னுடையது வீட்டிலிருந்து ஒரு கோடு, வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு முக்கு, அங்கிருந்து லிப்ட் வரை ஒரு சிறு கோடு. கணக்காளருடையது அவர் மேசைக்கும் தேநீர் இயந்திரத்துக்கும் நடுவே பதினாறு முறை போய்வந்து, நூல்கண்டு மாதிரி சுருண்டு கிடந்தது. மேடத்தின் முகம் இருண்டுகொண்டே போனது. கடைசியில் பட்டறையிலிருந்து வந்த ஒரு தடம் திரையில் விழுந்தது. மேடம் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அது பற்றவைக்கும் மேசையில் வேலை செய்யும் ஊதுகுழல் அக்காவுடையது. எங்களிடம் எரிவாயுச் சுடர் வந்து வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் அவர் நுணுக்கமான இடங்களுக்கு வாயால் ஊதும் குழலைத்தான் எடுப்பார். அதனால் அந்தப் பெயர். பதினோரு வருடமாக அதே மேசை. அவருடைய கோடு பட்டறையின் பின்வாசலில் தொடங்கியது. பின்னால் இருக்கும் பழைய கிடங்கு வளாகத்தைச் சாய்வாகக் கடந்து, அடுக்கி வைத்த பீப்பாய்களைச் சுற்றி வளைந்து, மதிலோரமாக ஒட்டி நடந்து, ஒரு சந்துக்குள் நுழைந்தது. சந்தின் முடிவில் சின்னதாக ஒரு முடிச்சு. பிறகு அதே வழியில், கையகலம் தள்ளித் தள்ளி, திரும்பி வந்தது. ஒரு வாரத் தடமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து முறுக்கிய இழைபோல இருந்தது. பொய் சொல்லக் கூடாது, உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது.

மேடம் அவரை மேலே வரச் சொன்னார். அக்கா பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கையைத் துணியில் துடைத்தபடி வந்து கதவோரம் நின்றார். மேடம் திரையில் இருந்த முடிச்சை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இந்த இடத்துல நீங்க என்ன பண்றீங்க அக்கா?"

"அது வீடு மேடம்."

"வீட்டுக்குள்ள சுத்திச் சுத்தி வந்திருக்கீங்களே. தியானமா?"

"கட்டிலைச் சுத்தி வருவேன் மேடம். அவரைத் திருப்பிப் போடணும். அந்தப் பக்கம் போய் இழுக்கணும், இந்தப் பக்கம் வந்து தள்ளணும்."

விஷயம் இதுதான். அவருடைய கணவர் பின்னால் இருக்கும் அதே கிடங்கில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர். மூன்று வருடத்துக்கு முன் அடுக்கிலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. படுத்த படுக்கை. நான்கு ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் தோல் வெந்து புண்ணாகிவிடும், புண் வந்தால் ஆற்றுவது கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். காலையில் கிளம்பும்போது ஒருமுறை புரட்டிவிட்டு வருவார். மாலையில் போய் ஒருமுறை. நடுவில், பன்னிரண்டரை முதல் ஒன்றேகால் வரை எங்களுக்குச் சாப்பாட்டு நேரம். சந்து வழியாகப் பன்னிரண்டு நிமிடத்தில் வீடு. புரட்டி, துடைத்து, ஊட்டிவிட்டு, வாசலில் நின்றபடியே தானும் இரண்டு வாய் போட்டுக்கொண்டு, திரும்பவும் பன்னிரண்டு நிமிடம். இதைச் சொல்லிவிட்டு அக்கா, சுடரை அணைக்காமல் வந்துவிட்டேன், போகலாமா என்று கேட்டார்.

மேடத்தின் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு அழகு, எவ்வளவு அழகு என்று இரண்டு முறை சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, முடிச்சில் ஒரு முத்து வையுங்கள் என்றார். நான் குறித்துக்கொண்டேன்.

அந்த நெக்லஸை அக்காவேதான் செய்தார். முப்பத்தேழு பற்று. ஒவ்வொரு சேர்மானத்திலும் பற்று பிடிப்பதற்காக வெங்காரப் பொடியைத் தொட்டு வைத்து, சாமணத்தால் பிடித்து, மூச்சை அடக்கி ஊதினார். ஒருநாள் அச்சடித்த காகிதத்தோடு என்னிடம் வந்து, சந்திலுள்ள தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் கோடு இன்னும் கொஞ்சம் வளைய வேண்டும், அங்கே எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும், செயலி தப்பாகக் காட்டுகிறது என்றார். அவர் வழியை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை என்பதால் வளைக்க அனுமதித்தேன். அட்டையில், 'தினந்தோறும் தன் மண்ணைத் தேடிச் சென்று, அன்பின் மையத்தில் சுழன்று திரும்பும் ஒரு பெண்ணின் பாதை' என்று எழுதினேன். கட்டில் என்ற சொல் நெக்லஸுக்குப் பொருந்தாது என்பதால் அதைச் சேர்க்கவில்லை.

அட்டையோடு ஒரு சான்றிதழும் வேண்டும் என்றார் மேடம். எங்களைப் பார்த்து வேறு இரண்டு நிறுவனங்கள் நடக்கத் தொடங்கியிருந்தன. ஒரே மாதிரி கோடு இரண்டு கழுத்தில் தொங்கினால் மானம் போய்விடும். 'ஒரு நடை, ஒரு கழுத்து' என்பது மேடம் தந்த முழக்கம். அதன் கீழே ஒரு வாசகம் நான் தந்தேன்: 'இத்தடம் இதை அணிபவருக்கே உரியது. இதில் இனி இன்னொரு நடை நிகழாது.' அந்த 'இனி இன்னொரு' என்ற இடத்தில் நாக்கு எப்படி வழுக்கிக்கொண்டு போகிறது பாருங்கள். ஓசைக்காக எழுதியதுதான். பொருளைப் பற்றி அப்போது நான் யோசிக்கவில்லை. நல்ல வாக்கியங்கள் பெரும்பாலும் அப்படித்தான் பிறக்கின்றன.

நெக்லஸை வாங்கியவர் கிடங்கு முதலாளி. தன் பின்பக்கத்து வளாகமே ஒரு கலைப்பொருளாகிவிட்டது என்று கேள்விப்பட்டு, மனைவியின் பிறந்தநாளுக்கு வாங்கினார். அந்த வளாகத்தில் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை. அதனால் அவருக்கு அதன்மேல் பற்று அதிகம். மனைவி நெக்லஸை அணிந்துகொண்டு, தன் தடத்தைப் பார்க்க ஆசைப்பட்டார். இருவரும் காரில் வந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, பீப்பாய்களுக்குப் பக்கத்தில் நின்றார்கள். அப்போது மணி பன்னிரண்டு முப்பத்திரண்டு. சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஊதுகுழல் அக்கா ஓட்டமும் நடையுமாகக் காரைத் தாண்டிப் போனார். அந்த அம்மா கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு கணவரிடம் சொன்னாராம்: "யாரோ என் நெக்லஸ்ல நடக்கிறாங்க."

மூன்றாம் நாள் வக்கீல் கடிதம் வந்தது. எமது கட்சிக்காரரின் துணைவியாருக்கு உரிய தடத்தில், தங்கள் ஊழியர் ஒருவர், நாள்தோறும் நான்கு முறை, செருப்புக் காலுடன், தொடர்ந்து நடந்துவருவது தங்கள் சான்றிதழுக்கு முற்றிலும் முரணானது என்று அதில் கண்டிருந்தது. நான்கு என்று கூட்டல் சரியாகவே போட்டிருந்தார்கள். காலையில் வருவது, மதியம் போவது வருவது, மாலையில் போவது.

அவசரக் கூட்டம் கூடியது. தேநீர் இரண்டு சுற்று வந்தது. அக்கா கோட்டிலிருந்து இரண்டடி இடதுபக்கம் தள்ளி நடந்தால் சட்டப்படி அது வேறு நடையாகிவிடுமே என்றார் கணக்காளர். இரண்டடி இடதுபக்கம் சாக்கடை என்று யாரோ சொன்னார்கள். போகும்போது முன்னோக்கியும் வரும்போது பின்னோக்கியும் நடந்தால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. பாதுகாப்பு காரணங்களுக்காக அது கைவிடப்பட்டது. என் வாசகம் மூன்று முறை சத்தமாக வாசிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் நன்றாகவே ஒலித்தது. அது வெறும் ஓசைக்காக எழுதியது, எடுத்துவிடலாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. எதிரே இருந்தவர்கள் எல்லோரும் அந்த வாசகத்தைப் பாராட்டிக்கொண்டிருந்தபோது அதைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை.

கிடங்கு முதலாளி பெருந்தன்மையோடு தன் செலவிலேயே வளாகத்துக்கு ஓர் இரும்புக் கதவு போட்டார். அதில் பலகை மாட்டும் பொறுப்பு எங்களுடையது. 'நடைப் பாரம்பரியத் தடம். இங்கே நடக்கக் கூடாது' என்று எழுதிக் கொடுத்தேன். திறப்பு விழா, அதாவது மூடு விழா, நண்பகல் பன்னிரண்டு மணிக்கு நடந்தது. மண்ணை மறந்த மனிதனைப் பற்றி மேடம் இருபது நிமிடம் பேசினார். ஊதுகுழல் அக்காவை முன்னால் அழைத்து, 'இத்தடத்தின் தாய்' என்று அறிமுகம் செய்து பூங்கொத்து கொடுத்தார்கள். ரிப்பனை வெட்டிக் கதவைச் சாத்திப் பூட்டினார்கள். அக்கா பூங்கொத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பூட்டைப் பார்த்தார்.

"இப்ப நான் எப்படி வீட்டுக்குப் போறது?" என்றார்.

நல்ல நகைச்சுவை உணர்வு என்று எல்லோரும் சிரித்தோம்.

பின்வாசலிலிருந்து வேறு வழி இருந்தது. கால்வாயைச் சுற்றி, வண்டிகள் போகும் பெரிய பாலம் ஏறி இறங்கி, நாற்பது நிமிடம். அன்று அவர் அப்படிப் போய், இரண்டே காலுக்குத் திரும்பினார். அரைநாள் விடுப்பாகப் பதிவானது. மறுநாள் காலை என் மேசைக்கு வந்தார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பேசினார், கால் வீங்கியிருந்தது.

"முன்வாசல் வழியா விட்டீங்கன்னா போதும் சார். ரோட்டு முனையில நடைபாலம் இருக்கு. பதினஞ்சு நிமிஷம். போயிட்டு வந்துருவேன்."

முன்வாசலுக்குப் போக ஷோரூமைக் கடக்க வேண்டும். ஷோரூமில் இப்போது தரை கிடையாது. மூடு விழாவுக்கு முந்தைய வாரமே சந்திலிருந்தும் வளாகத்திலிருந்தும் மண்ணை வாரி வந்து, சலித்து, கழுவி, காயவைத்து, கணுக்கால் ஆழத்துக்குப் பரப்பியிருந்தோம். மழை பெய்த வாசனை வருவதற்காக ஒரு மணிக்கு ஒருமுறை புட்டியிலிருந்து தெளிப்போம். வாடிக்கையாளர்கள் கண்ணை மூடிக்கொண்டு வெறுங்காலோடு அதில் நடந்து, தங்கள் வேரை உணர்ந்துவிட்டு, பில் போடும் இடத்துக்கு வருவார்கள். இதையெல்லாம் நான் பொறுமையாக விளக்கினேன்.

"தெரியும் சார். எங்க சந்து மண்ணுதானே. மூட்டை கட்டி ஏத்தும்போது பார்த்தேன்."

"அதுல நீங்க நடந்தா உங்க கால்ல இருக்கிற மண்ணு கலந்துடும் அக்கா."

"அதுவும் இதே மண்ணுதான் சார்."

"அது சலிக்காத மண்ணு."

அப்ப அனுமதிக்கு என்ன பண்ணணும் என்று கேட்டார். விண்ணப்பம் எழுதிக் கொடுக்கச் சொன்னேன். அதைப் பரிசீலிக்க ஒரு குழு இருந்தது. குழு வெள்ளிக்கிழமை கூடும். அன்று செவ்வாய்.

புதன்கிழமை பன்னிரண்டரைக்கு நடுக்கதவு திறந்தது. ஷோரூமில் ஏழெட்டு வாடிக்கையாளர்கள் கண்ணை மூடி மண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஊதுகுழல் அக்கா செருப்புக் காலோடு, கையில் பையோடு, நடுவில் புகுந்து நேராக நடந்தார். கொஞ்சம் தள்ளுங்க, கொஞ்சம் தள்ளுங்க என்று சொல்லிக்கொண்டே போய், கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளித் திறந்து, தெருவில் இறங்கினார். சலித்த மண்ணில் சலிக்காத காலடி வரிசையாகப் பதிந்து கிடந்தது. நான் மேல்மாடிக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்காவின் வேலை போய்விடும் என்று நினைத்தேன். என் வேலையும் கூடவே போகுமோ என்று, உண்மையைச் சொன்னால், அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நினைத்தேன்.

கீழே ஒரு வாடிக்கையாளர் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். அற்புதமான நிகழ்ச்சி, இது தினமும் உண்டா என்று ஒருவர் கேட்டார்.

மேதைகளுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரிகிறது. மேடம் கோபப்படவில்லை. குழு கூடும்வரைகூடக் காத்திருக்கவில்லை. அன்று மாலையே அக்காவை அழைத்து, இனிமேல் தினமும் அவர் முன்வாசல் வழியாகவே போகலாம் என்று அனுமதி வழங்கினார். அக்கா கும்பிட்டார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாக இருந்தது. நிபந்தனைகளைத் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது.

நிகழ்ச்சிக்கு 'நண்பகல் நடை' என்று பெயர். ஓடக் கூடாது, ஓடினால் உறவு தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு வர வேண்டும். மண்ணை மூன்று இடத்தில் குனிந்து தொட வேண்டும். நடுவில் நின்று படம் எடுத்துக்கொள்ள இடம் தர வேண்டும். பிறகு வாடிக்கையாளர்களின் கேள்விகளுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டு, வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு வெளியேற வேண்டும். கடிகாரத்தை வைத்து ஒத்திகை பார்த்தேன். சரியாக இருபத்தைந்து நிமிடம் வந்தது. ஆக, பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு அவர் தெருவில் இருப்பார். வீட்டுக்குப் போக ஒன்று பத்து. மேசைக்குத் திரும்ப வேண்டியது ஒன்றேகால். அவர் கேட்ட வாசலை முழுதாகக் கொடுத்துவிட்டோம். நேரத்தை மட்டும்தான் எடுத்துக்கொண்டோம்.

முதல் நாள் அவர் தெருமுனை நடைபாலம் வரை ஓடிவிட்டுத் திரும்பி வந்தார். இரண்டாம் நாள் என்னிடம் கேட்டார். முதலில் வீட்டுக்குப் போய்விட்டு வந்து, பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மண்ணில் நடக்கிறேன் என்றார். பன்னிரண்டரைக்குத்தான் கண்ணாடிக் கூரை வழியாக வெயில் மண்மேல் நேராக விழுகிறது, அது போனால் படம் சரியாக வராது என்று எடுத்துச் சொன்னேன். பக்கத்து வீட்டில் யாரையாவது புரட்டிவிடச் சொல்லக் கூடாதா என்றும் கேட்டேன். அந்த நேரத்தில் எல்லோரும் அவரவர் வேலையில் இருப்பார்கள் என்றார். அவருடைய வரிசை வீடுகளில் பகலில் இருப்பவர் அவர் கணவர் ஒருவர்தான்.

"முதுகுக்குக் கீழ தோல் செவந்திருக்கு சார்," என்றார்.

எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. உடனே உட்கார்ந்து மேடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினேன். கை வந்தபடி எழுதவில்லை. ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து எழுதினேன். கணவர், கட்டில், தோல் எல்லாவற்றையும் இந்த முறை சேர்த்தேன். படிப்பவர் மனம் கரைய வேண்டும் என்று பாடுபட்டேன். கரைந்தது. மறுநாள் குறிப்பு திரும்பி வந்தது. ஓரத்தில் மேடம் எழுதியிருந்தார்: 'அருமை. இதை அவரே வாடிக்கையாளர்களிடம் சொல்லலாமே?'

சொல்ல வைத்தோம். எட்டாம் நாள் ஒரு அம்மையார், நடக்கும்போது உங்கள் மனதில் என்ன ஓடும் என்று கேட்டார். ஊதுகுழல் அக்கா மண்ணில் நின்றபடி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

"அவரு காலையிலேர்ந்து ஒரே பக்கமா கிடக்காருன்னு ஓடும்."

பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அன்று மட்டும் இரண்டு நெக்லஸுக்கு ஆர்டர் வந்தது. ஒருவர் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. அக்கா வாசலைத் தாண்டும்போது மணி ஒன்று. திரும்பிப் பார்க்க மறந்துவிட்டார் என்று நான் குறித்து வைத்தேன்.

அதற்கு அடுத்த வாரம் அவர் வரவில்லை. மூன்று நாள் சுடர் மேசை காலியாகக் கிடந்தது. நான்காம் நாள் தன் கண்ணாடியையும் குழலையும் சாப்பாட்டுப் பையையும் எடுத்துப்போக வந்தார். கணவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். உள்ளங்கை அளவு புண். இனிமேல் அவரை விட்டு நகர முடியாது, வேலையை விட்டுவிடுகிறேன் என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"எலும்பு தெரியுது சார்," என்றார்.

நான் மேலிடத்துக்கு எழுதியிருந்தேனே என்று சொன்னேன்.

"தெரியும் சார். நீங்க நல்லா எழுதுவீங்க."

அவர் பின்வாசல் வழியாகவே போனார். நாற்பது நிமிட வழி. முன்வாசல் வழியாகப் போங்கள் என்று கூப்பிட்டுச் சொல்ல எழுந்தேன். மணி பன்னிரண்டு இருபது. ஷோரூமில் வாடிக்கையாளர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. இடத்தொடர்பு அதிகாரியின் பணிகளில் வெட்கப்படுவது சேராது என்றாலும், இருந்ததை இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒருவர் வேலையை விட்டால் விடுவிப்புப் படிவம் ஒன்று நிரப்ப வேண்டும். வார்த்தைகள் தொடர்பான எல்லாமே என்னிடம் வருவதால் அதுவும் என்னிடம் வந்தது. ஏழாவது கட்டம்: 'பணியை விட்டு நீங்குவதற்கான காரணம்.' இரும்புக் கதவு, நிகழ்ச்சி நேரம், கணவர் இவை எதுவும் படிவத்தில் வராமல் பார்த்துக்கொள்ளும்படி எங்கள் வக்கீல் தொலைபேசியில் சொன்னார். இவற்றை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது என்று அரைமணி நேரம் யோசித்தேன். கட்டம் வேறு சின்னது, ஒரு வரிதான் பிடிக்கும்.

'பணியாளருக்கு நடப்பதில் ஆர்வம் இல்லை' என்று எழுதினேன்.

இந்த நிறுவனத்தில் நான் எழுதிய வரிகள் எத்தனையோ. ஒரு எழுத்துகூட மாற்றாமல் மேடம் கையெழுத்துப் போட்டது அந்த வரியில்தான்.